அறுபத்தொரு நாள்

தண்டையார்பேட்டை, சைக்கிள் கடை மாடி.
பதினான்கு நாற்காலி, பத்தொன்பது பேர்.
நான் செயலாளர். அதாவது பேனா வைத்திருப்பவள்.
தினக் காலண்டரில் கிழித்த தாள்களின்
பின்பக்கம்தான் எங்கள் கூட்டுப்பாட்டுக் குழுவின் பதிவேடு.

முதலில் மார்ச் என்றார்கள்.
மார்ச்சில் நோன்பு, என்றாள் மெஹருன்னிசா.
நோன்பு திறந்த கையோடு மேல் ஸ்தாயி போனால்
பேரீச்சங்கொட்டை முன்வரிசையில் விழும்.
மார்ச்சில் பரீட்சை, என்றது பின்வரிசை மொத்தமும்.
பரீட்சை பிள்ளைகளுக்கு. காய்ச்சல் இவர்களுக்கு.

நவம்பரில் மழை.
வியாசர்பாடிச் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறினால்
ஆண்குரலில் பாதி
அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.

டிசம்பரைத் தெற்கே எடுத்துப்போய்
எத்தனையோ காலமாயிற்று.
யாரும் அதன் பேச்சை எடுக்கவில்லை.

அப்போதுதான் தேசப்பன், விசைப்படகு டிரைவர்,
எங்கள் கீழ்க்குரல் நாலில் ஒருவர்,
தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னார்:
"தடைக்காலம் கீதே."

ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள்.
மீன் முட்டையிடும். படகு கட்டிக் கிடக்கும்.
வருஷமெல்லாம் நாலுக்கு இரண்டாக,
சில வாரம் ஒன்றுமே இல்லாமல்
அடித்தளம் போடாத வீடு மாதிரி நாங்கள் பாடுகிற பாட்டு
அந்த அறுபத்தொரு நாள் மட்டும்
தரையில் நிற்கும்.
"துட்டு இருக்காது," என்றார்.
"தொண்டை இருக்கும்."

எழுதினேன்.
ஏப்ரல் கடைசி சனி, காசிமேடு ஏலக்கூடம்.
வாடகை இல்லை. கழுவிவிட்டுப் பாட வேண்டும்,
பாடிவிட்டும் கழுவ வேண்டும்.
மே மாதம் கத்திரி; கூரையடியில் வேண்டவே வேண்டாம்.
வியாசர்பாடி பந்து மைதானம், ஆட்டம் முடிந்த பிறகு.
விளக்கு தருவார்கள், கோல்போஸ்ட்டைக் கழற்ற மாட்டார்கள்.
வலைக்குள் நின்று பாடத் தேசப்பன் சம்மதிக்கவில்லை.
ஜூன், பெரம்பூர், தண்டவாளத்தை ஒட்டிய மண்டபம்.
ஏழு நாற்பதுக்கு கூட்ஸ் போகும், என்றார்
அதில் கார்டாகப் போகிற டெரிக் ரொசாரியோ.
ஐம்பத்தெட்டு வேகன். இரண்டே கால் நிமிடம்.
நிரலில் அவ்வளவு இடம் காலியாக விட்டேன்.

மைக் செட்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
கையிருப்பு ஆயிரத்து நூற்றுப் பத்து,
செல்லோடேப் ஒட்டிய ஒரு ஐம்பது உட்பட.

"கடைசிப் பாட்டு எத்தினி மணிக்கு?"
கேட்டது புஷ்பலீலா.
போன வருஷம் வரை கால்வாய்க்கரை,
இப்போது பெரும்பாக்கம், ஏழாவது மாடி,
ஒத்திகைக்கு இரண்டு பஸ் மாறி வருபவள்.
எட்டு ஐம்பது, என்றேன்.
"எனக்கு எட்டு பத்துக்கு பஸ்ஸு."

அந்தப் பாட்டின் முதல் வரி அவளுடையது.
வீடு இடிக்க வந்த வண்டிக்கு முன்னால்
பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே அவள் முனகியதை
ஆறு மாதம் இழுத்து நாலு குரலாக்கினோம்.
"அந்த ஒரு வரிய மட்டும் வேற யாராவது..."
ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.
மின்விசிறி தன் ஒரே சுரத்தைப் பாடிக்கொண்டிருந்தது.

"அப்ப அத்த மொதல்ல வை," என்றாள் மெஹருன்னிசா.
கடைசிப் பாட்டையா?
"கடைசின்னு வெச்சது யாரு? நீதானே எழுதுன."

ஆமாம். நான்தான் எழுதினேன்.
அடித்தேன். தாளின் அடியிலிருந்து மேலே
ஒரு நீளமான அம்புக்குறி போட்டேன்,
மற்ற பதினோரு பாட்டுக்கும் குறுக்கே.
புஷ்பலீலா எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
பஸ் நேரத்தைத் தாளின் ஓரத்தில்
தன் கையாலேயே எழுதிவைத்தாள்,
மூன்று தேதிக்கும் எதிரே.

இனி எதைப் பாடி முடிப்பது என்று முடிவாகவில்லை.
கீழே சைக்கிள் கடைக்காரர் ஷட்டரை இழுத்தார்.
அது எத்தனை கட்டை என்று
படியிறங்கும்போது இருவருக்குள் தகராறு.

டீ, பத்தொன்பது பேருக்கு, நூற்றுத் தொண்ணூறு.
கையிருப்பு தொள்ளாயிரத்து இருபது.